வெண்பொடியினின்று மின்சாரம்
(புதுப்பட்டினத்தில் நம் சங்கத்தார் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



நம் படகுகளுக்குப் பூசும் வெள்ளை வர்ணத்திற்கு வெண்மை தருவது டைட்டேனியம் டை ஆக்ஸைடு என்னும் பொடியாகும். அப்பொடியைக் கொண்டே வெயிலினின்று மின்சாரம் எடுக்கலாகும் என்பதே யான் இன்று கூறப் புகுந்த விஷயம்.

கூரைகளில் நாம் காணும் சூரியப் பலகைகளிற் பெரும்பாலானவை சிலிக்கனாற் செய்யப்பட்டவை. அதனை 1414 டிகிரி உஷ்ணத்தில் உருக்கி, மிகத் தூய படிகமாக வளர்த்து, மெல்லிய வில்லைகளாக அறுத்தல் வேண்டும். இதற்குப் பெருமுதல் வேண்டுமென்பது வெளிப்படை. 1991-ஆம் ஆண்டில் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து லொஸான் நகரில் மைக்கேல் கிரெட்ஸல், பிரயன் ஓரீகன் என்னும் இருவர் வேறொரு வழியை வெளியிட்டனர். கண்ணுக்குப் புலனாகாத டைட்டேனியத் துகள்களைக் குழம்பாக்கி, மின்சாரம் கடத்தும் கண்ணாடியின்மேற் பரப்பி, ஏறக்குறைய 450 டிகிரியிற் சுட்டனர். குயவர் சூளையின் வெப்பம் இதனினும் மிகுதி! அப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே; ஆயினும் துகள்களுக்கிடையே எண்ணிறந்த துளைகள் உள. ஆதலாற் கண்ணாடியின் பரப்பைக் காட்டிலும் பன்னூறு மடங்கு பரப்பிற் சாயம் ஏறுகின்றது. பொடி தானே கட்புலனாகும் ஒளியை ஏற்பதில்லை. சாயமே ஏற்று, எலெக்ட்ரானைத் துகளுக்கு ஈகின்றது. இழந்ததை அயோடின் கலந்த திரவம் ஈடு செய்கின்றது. விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஏழு பங்குக்குமேல் மின்சாரமாயிற்று.

இத்துணை எளிதாயின் நம் கூரைகளில் ஏன் இல்லை என்பீர்கள். அத்திரவமே இதன் நோய். அது கசியும், உலரும். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிப்பதை நாள்தோறும் காணும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1995-இல் இலங்கைக் கண்டியில் கீர்த்தி தென்னகோன் முதலிய விஞ்ஞானிகள் திரவத்தை நீக்கித் தாமிர அயோடைடு என்னும் திடப்பொருளை இட்டுப் பார்த்தனர். சாயமோ மலர்களிற் காணப்படும் சயனிடின். கிடைத்த மின்சாரம் சொற்பமே. எனினும் அண்டை நாட்டார் முயற்சியாதலின் எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம்.

இப்பொடிக்கு மூலமான இல்மனைட், நம் மாகாணத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிற் கிடைக்கின்றது. மெல்லிய படலப் பலகை செய்யும் பேராலையொன்றும் 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரையடுத்த பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அங்குப் படிவது காட்மியம் டெல்லுரைடு. முறையும் குழம்பு பரப்புதலன்று, ஆவியாக்கிப் படிவித்தல். எம்முறையாயினும் ரசாயனம் கற்றவர்க்கன்றோ அங்கு ஆய்வுவேலை?

சென்ற ஆண்டு விழாப் பந்தற் செலவைக் காரியதரிசியார் வாசித்தபோது எனக்கு ஓரெண்ணம் உதித்தது. அத்தொகையிற் பாதியேனும் நம் குலத்துப் பிள்ளைகள் இருவர் ரசாயனம் பயில ஆண்டுதோறும் ஒதுக்கப்படுக என்னும் தீர்மானத்தைச் சபையோர்முன் வைக்கின்றேன்.