விரிகோண லென்சு வாங்குவோர்க்கு

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் புகுந்த நாம், குடியேறிய ஊரின் தோற்றத்தைப் படமெடுத்துத் தாய்தந்தையர்க்கு அனுப்ப விரும்புகிறோம். கழக்கூட்டத்தில் வாழ்வோர்க்கு அருகிலேயே கடினங்குளம் காயல் இருக்கிறது. ஆயின், 50 மில்லிமீட்டர் லென்சு ஏறத்தாழ 47 பாகையே காணும். காயல் அடங்கினால் கரைத் தென்னைகள் விடுபடும். 28 மில்லிமீட்டர் லென்சோ 75 பாகை காணும்.

இதற்காக மாதச் சம்பளத்தைக் கரைக்க வேண்டுவதில்லை. மங்கிய ஒளிக்கென அகன்ற துளையும், தானே குவியும் பொறியுமே விலையை ஏற்றுவன. காயலும் மலையும் ஓடுவதில்லை. கையால் திருகும் பழைய லென்சே போதும். துளையை எப் 11 அளவுக்குச் சுருக்கி, குவிவளையத்தை இரண்டரை மீட்டரில் நிறுத்துக. ஒன்றேகால் மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாய் விழும்.

இக்கணக்கு 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கும், அதே அளவு உணரியுள்ள டிஜிட்டல் காமிராவுக்கும் உரியது. உணரி அதனினும் ஒன்றரை மடங்கு சிறிதாயின், 28 மில்லிமீட்டர் லென்சு 42 போலக் குறுகும். அங்கே 18 வேண்டும்.

வாங்குமுன் லென்சு நம் காமிராவில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். துளைத் தகடுகள் தடையின்றி அசைய வேண்டும். கடற்கரையூர்களின் ஈரத்தில் கண்ணாடியினுள் பூஞ்சணம் படர்வதுண்டு. கைவிளக்கின் ஒளியை ஊடே செலுத்தி நோக்குக. நூலிழைபோல் ஏதேனும் தென்பட்டால், விலை எத்துணை மலிவாயினும் அதனை விட்டுவிடுவதே நன்று. வாங்கிய பின்னரும் மழைக்காலத்தில் தோலுறைக்குள் பூட்டி வையாது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய டப்பாவில் வைத்தல் வேண்டும்.