காதால் பட்ட காயம்
(ஜோலார்பேட்டையில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



தோல் தொழிலை அறியாத வீடு நம்முடைய பகுதியில் குறைவு. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ டேனரியில் வேலை செய்கிறவருக்குக் குரோமியத்தால் நோய் வந்தால், அதைத் தொழில்நோய் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆந்த்ராக்ஸ் நோயை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே தன் பட்டியலில் எழுதிவைத்தது. பட்டியலில் இருக்கும் நோய் என்றால், வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளிக்கு லேசாகிறது.

ஆனால் காயம் கையில் படாமல் காதில் பட்டால்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. நம் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால், முதலில் அந்த அலறலைக் கேட்பவர் சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஊழியர். வண்டியை அனுப்பிய உடனே அடுத்த அழைப்பு வந்துவிடும். முந்தின பிள்ளை பிழைத்ததா என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சிறைக் காவலரையும் நினைத்துப் பாருங்கள். கைதி தூக்கிட்டுக்கொண்டால் முடிச்சை அவிழ்ப்பவர் அவரே. மறுநாளும் அதே அறையின் முன்தான் அவருக்குக் காவல். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் தன்மேல் பட்டயத்தை உருவின இரவை நாம் அறிவோம். பவுல் சத்தமிட்டுத் தடுத்தார். இன்று சத்தமிட ஆள் வேண்டும்.

மாதங்கள் கடந்தும் அந்தக் காட்சி கண்முன் வருவது, தூக்கம் கெடுவது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, வேலைக்குப் போகவே அஞ்சுவது ஆகியவை இந்த நோயின் அறிகுறிகள். இது கோழைத்தனம் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம் தமிழர் பலர் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016-இல் இன்னும் ஒரு படி சென்றது. அவசர அழைப்பு ஊழியருக்கும் சிறைக் காவலருக்கும் இந்நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்றே அங்கே கருதப்படும்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலிலும் மனக்காயத்துக்கு இடமில்லை. ஆகையால் முழுப் பாரமும் பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுகிறது.

வழியே இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை, அது மனநோயால் வந்த ஊனமானாலும், வேலையைவிட்டு நீக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்கிறது.

உங்கள் சபையில் இப்படிப்பட்ட ஒருவர் இருந்தால், "ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணைக் கொடுங்கள். சம்பவம் நடந்த தேதியை எழுதிவைக்கவும், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தவும் சொல்லுங்கள். நாளை அவர் கையில் இருக்கும் சாட்சி அதுவே.

கடைசியாக ஒன்று. உங்கள் காணிக்கை நோயாளிக்கு மருந்தாகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் வேலையில் பட்ட காயத்துக்கு நஷ்டஈடு என்பது தர்மம் அல்ல, கூலியைப் போலவே உரிமை. நம்மிடம் வருகிறவருக்கு நாம் உதவுவோம். அதோடு, அந்தப் பட்டியலில் இந்த நோயின் பெயரும் ஏறவேண்டும் என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.