இரு கணினிகளும் ஒரு கோப்புறையும்

இல்லத்திலுள்ள இரு கணினிகள் ஒரே வலையமைப்பில் இருப்பின், ஒன்றின் கோப்புறையைப் பொதுவாக்கி மற்றதிலிருந்தும் திறக்கலாம். செயலிகளின் நிலை வேறு. அவற்றின் உறுப்புகள் கணினியின் பல இடங்களிற் பரந்து கிடத்தலால், விண்டோசில் பெரும்பாலானவற்றை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவுதல் வேண்டும்.

பலர் ஏமாறுவது வேறோரிடத்தில். பொதுக் கோப்புறை பிரதியன்று. தாயின் கணினியிலுள்ள குடும்பப் படங்களை மகன் தன் கணினி வழியே அழிப்பானாயின், அவை தாயிடமும் இரா. வழமையாக மீள்சுழற்சித் தொட்டியிலும் தங்கா. வாசிக்க மட்டும் அனுமதி அளித்திருந்தால் அவ்விபத்து நேராது.

2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாகிரை என்னும் தீநிரலும், கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவிற்று. அப்பதிப்பு இன்னும் இயங்குமாயின் நிறுத்திவிடுதல் நன்று. கழற்றி வைத்த வன்தட்டொன்றிற் படங்களின் பிரதி இருத்தல் அதனினும் நன்று.