பள்ளித் தொண்டுப் பணியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

மாணவர்களைச் சமூகத் தொண்டில் வழிநடத்துவது எங்ஙனம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கழகத்தின் மாலைநேரப் பாடசாலைகளில் பொறுப்பேற்றிருக்கும் பட்டதாரி இளைஞர்கள், வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தொண்டுப் பணி நடத்த விழைவதாகச் செயலாளர் அவர்கள் கூறினார்கள். பொதுவாக நாலு நல்வார்த்தை சொல்லி அமர்ந்துவிடலாம். அதனினும், நாம் செய்த பிழையொன்றை ஒளிக்காமல் எடுத்துரைத்தால் அவர்கட்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஊரொன்றில் 7 நாள் சிறப்பு முகாம் என்பன அதன் அமைப்பு. தனக்கென்றில்லாமல் பிறர்க்கென உழைத்தல் அதன் குறிக்கோள். குறிக்கோளில் குறை காண்பாரில்லை. ஆயினும் நம்மைப் போன்ற மக்கள் இதனைக் கேட்கும்பொழுது உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. நம் முன்னோர் தமக்கென்று உழைத்தது எந்நாள்?

தொண்டு என்னும் சொல்லுக்கு அடிமைத்திறம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. வெட்டி என்பது ஊருக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அச்சொல் காணப்படுகிறது. இன்று வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்கிறோம். செய்தவனுக்குத்தான் அது பயனற்றது. ஊருக்கு நல்ல பயனுடையதாகவே இருந்து வந்திருக்கிறது! நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு இவ்வகைக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவை இளைஞர்கள் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். பொது நோக்கத்திற்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம். ஆனால் சமயம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அதில் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது அது. தொண்டு முகாமுக்கு இதைவிடத் தெளிவான விதி வேண்டியதில்லை. இந்த விதியைத்தான் நாம் நம்மையறியாமலே மீறினோம்.

நாம் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராகவும் திட்ட அலுவலராகவும் இருந்த காலம் அது. போடிமெட்டு மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், நம் மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் முதல் முகாம் நடந்தது. மாணவ மாணவியர் 25 பேர். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அவருள் இருந்தனர். முதல் நாட் காலையில் பணிகளைப் பகிர்ந்தளிக்கும்பொழுது, "சாக்கடை தூர்வாரவும் பொதுக் கழிப்பிடம் கழுவவும் யார் முன்வருவீர்கள்?" என்று கேட்டோம். 9 கைகள் உயர்ந்தன. நம் மனம் பூரித்தது. இவர்களன்றோ உண்மைத் தொண்டர் என்று அனைவர் முன்னிலையிலும் பாராட்டினோம். ஏனையோர் வீடுதோறும் கணக்கெடுத்தல், சுவரில் வாசகம் எழுதுதல், மாலைக் கூட்டத்தில் உரையாற்றுதல் முதலியவற்றை ஏற்றுக்கொண்டனர். கட்டாயம் என்பது அங்கே இம்மியும் இல்லை.

ஐந்தாம் நாள் மாலை, அக்குடியிருப்பைச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் வீட்டு வாயிலில் நின்றிருந்தோம். அவளுடைய பாட்டி பல்லாண்டு தெருக்கூட்டும் வேலை செய்து ஓய்ந்தவர். பேத்தி முகாமில் செய்த பணிகளைப் பெருமிதத்தோடு சொல்லி, முடிவில் சான்றிதழ் கிடைக்கும் என்றும் சொன்னாள். மூதாட்டி எம்மைப் பார்க்கவில்லை, பேத்தியைத்தான் பார்த்தார். "ஏத்தா, நாங்க கூலிக்குச் செஞ்ச வேலைய நீ செய்யக் கூடாதுன்னுதானே பள்ளிக்கூடம் அனுப்பினோம். அதையே நீ கூலியில்லாமச் செஞ்சுபுட்டுத் தாளு குடுப்பாகன்னு சொல்றியே!" என்றார்.

அன்றிரவு பெயர்ப் பட்டியலை எடுத்து நோக்கினோம். கை உயர்த்திய 9 பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள். முகாமில் நம் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினோம். அதே 9 பேர்தான். மறுநாள் அவருள் ஒருவனைத் தனியே அழைத்து, ஏன் கை உயர்த்தினாய் என்று வினவினோம். "நீங்க கேட்டவுடனே எல்லாரும் எங்களத்தான் பார்த்தாங்க ஐயா" என்றான். அவ்வாறு பார்க்கும் கண்களை நாமும் மாணவப் பருவத்தில் அறிந்தவர்தாம். அறிந்திருந்தும் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தபின் அதனை மறந்து போனோமே என்னும் வெட்கம் இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரைக் கூட்டவும் கழுவவும் கட்டாயப்படுத்துவது குற்றமென 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்க்கப்பட்டது. எனினும் 2022ஆம் ஆண்டு இறுதியில், ஈரோடு மாவட்டத்துப் பள்ளியொன்றில் நம் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறை கழுவச் செய்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைதான செய்தியை நாளேடுகளில் படித்தோம். அவ்வாறு வெளிப்படையாக நிகழ்வதைச் சட்டம் பிடித்துவிடும். கை உயர்த்தச் சொல்லி நிகழ்வதைப் பிடிக்கச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அது பொறுப்பாசிரியர் கண்ணில்தான் பட வேண்டும்.

துடைப்பம் இழிவானதன்று. இன்னார்க்கே உரியது என்று வைத்ததுதான் இழிவு. ஆகவே மறு ஆண்டு முகாமில் கூட்டுதல், கழுவுதல், சமைத்தல் ஆகிய மூன்றுக்கும் நாள்தோறும் திருவுளச் சீட்டுப் போட்டோம். நம் பெயரும் சீட்டில் இருந்தது. இரண்டாம் நாளே வந்துவிட்டது. சீட்டில் பெயர் வந்த இரு மாணவர்களின் பெற்றோர் பள்ளிக்கே வந்து சினந்து பேசிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ஒருவன் இரண்டு நாள் கழித்துத் தானே திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை.

ஈண்டு ஒரு பழைய வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1932ஆம் ஆண்டு, பூனா உடன்படிக்கைக்குப் பின், அரிசன சேவா சங்கம் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கப்பலில் இருந்தவாறே, டாக்டர் அம்பேத்கர் அச்சங்கத்தின் செயலாளர் ஏ. வி. தக்கர் அவர்கட்கு நீண்ட மடல் ஒன்று எழுதினார். தனி மனிதரைத் திருத்தும் பணியில் பொருளைச் செலவிடுவதினும், கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் பணியே முதன்மையானது என்பது அதன் சாரம். பணியாளராக ஒடுக்கப்பட்ட மக்களையே அமர்த்த வேண்டும் என்பதும் அவர் கருத்து. அது நடைபெறவில்லை. சங்கம், சாதி இந்துக்கள் தம் பாவத்திற்குச் செய்யும் கழுவாய் என்றும், ஆதலின் நிருவாகம் அவர்களிடமே இருத்தல் முறை என்றும் விடை கூறப்பட்டது. யாருக்காகத் தொண்டு நடக்கிறதோ அவர்களுக்கு அதில் வாக்கு உண்டா என்பதே அன்று எழுந்த வினா. பள்ளித் தொண்டு முகாமிலும் அதே வினாதான் எழுகிறது. முகாமின் அளவு சிறிது, அவ்வளவே.

அவ்வினாவை முன்வைத்தே இரண்டாம் முகாமைத் திட்டமிட்டோம். மரக்கன்று நடுதல், விழிப்புணர்வு ஊர்வலம், பல் துலக்கும் முறை விளக்கம் என்று நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பட்டியலை மூடி வைத்துவிட்டு, அம்மக்களுக்கு வேண்டுவது யாது என்று கேட்டு வருமாறு பிள்ளைகளை அனுப்பினோம். கேட்கும் குழுக்களில் நம் பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் இணையிணையாகச் சென்றனர். எழுதுகோல் நம் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டுமென்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினர். பகலில் வீடுகளில் ஆளில்லை! ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்வோர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கங்களுக்குப் போய்விடுகின்றனர். திரும்பும்பொழுது பொழுது சாய்ந்துவிடும். போடியில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தெரியாததன்று. தெரிந்திருந்தும் காலை 10 மணிக்குக் கணக்கெடுக்க அனுப்பினோம். பள்ளிக்கூட மணியை வைத்தே உலகத்தைப் பார்ப்பது ஆசிரியர்க்கு வந்துவிடும் நோய் போலும்.

மறுநாள் இரவு 8 மணிக்குமேல் பெற்றோர் இசைவோடும் ஆசிரியைகள் துணையோடும் சென்றனர். அடுப்படியில் உலை வைத்துக்கொண்டே பெண்கள் விடை கூறினர். கழிப்பிடத்தைப் பற்றியோ மரக்கன்றைப் பற்றியோ எவரும் பேசவில்லை. வீட்டுக்கு வீடு இரண்டு செய்திகளே வந்தன. தாய் ஜீப்பில் ஏறியதிலிருந்து பள்ளியும் அங்கன்வாடியும் திறக்கும்வரை சிறு பிள்ளைகளைப் பார்ப்பார் யார் என்பது ஒன்று. பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான் பார்க்கிறாள். அவள்தான் நம் வகுப்பில் நாள்தோறும் தாமதமாக வந்து வெளியே நிற்பவள். அவளை எத்தனை முறை நிறுத்தி வைத்தோம் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறோம். மற்றொன்று, வாரக் கூலி வாங்கும்பொழுது கங்காணி சொல்லும் நாட்கணக்கும் தங்கள் மனக்கணக்கும் ஒத்து வருவதில்லை என்பது.

இரண்டாவதைப் பிள்ளைகள் எளிதில் தீர்த்தனர். நாட்காட்டித் தாளில் வேலைக்குச் சென்ற நாளைச் சுழித்தும், போகாத நாளைக் குறுக்கே கோடிட்டும் வைக்கும் வழக்கத்தை வீடுதோறும் கற்பித்தனர். எழுத்தறியாத தாய்மாரும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டனர். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு ஏறியது என்பனவற்றையும் சில வீடுகளில் பிள்ளைகள் எழுதிவரலாயினர். அடுத்த வாரமே ஒரு பெண்மணி தாளைக் காட்டி ஒரு நாட்கூலியைத் திரும்பப் பெற்றார். குடியிருப்பு முழுதும் அது பேச்சாயிற்று.

முதலாவது கடினமாக இருந்தது. அன்று நடப்பிலிருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்திருந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் நூலை இரவல் வாங்கி மாணவர்கள் படித்தனர். படித்த பின்னரே, சட்டம் மலைமேல் இருக்கிறது, குழந்தை அடிவாரத்தில் இருக்கிறது என்பது விளங்கிற்று. நெருக்கியடித்து ஏறும் ஜீப்பில் கைக்குழந்தையைக் கொண்டு செல்வார் யார்? மேலும் இன்று ஒரு தோட்டம், நாளை மற்றொன்று என்று போவோருக்கு எந்தக் காப்பகம் உரியது? முடிவில் மாணவர்களே முறை வைத்துக்கொண்டு, காலையில் சமுதாயக் கூடத்தில் சிறுவர்களைச் சேர்த்து, முகம் கழுவி, தலைவாரி, பாடம் சொல்லிப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். முகாமின் 7 நாளுக்குப் பின்னும் அது தொடர்ந்தது. பொதுத்தேர்வு நெருங்கியதும் நின்றுபோயிற்று. மீண்டும் அதே பெண்பிள்ளைகள் தாமதமாக வரலாயினர். இதனை வெற்றி என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தாமதத்திற்காக வெளியே நிறுத்தும் வழக்கம் நம் பள்ளியில் அத்தோடு ஒழிந்தது. அது பள்ளிக்கு அம்மக்கள் செய்த தொண்டு.

இளைஞர்கள் நம் திட்டத்தை அப்படியே எடுத்து நடத்த வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டபடியால் அந்தக் காலை நேரத்தின் நிலையே மாறியிருக்கிறது. எனவே மீண்டும் கேட்டறிதல் வேண்டும். அதுவும் இரவு 8 மணிக்குமேல். மனு எழுதினால் மாணவரே எழுதட்டும். படியொன்றும் ஒப்புகைச் சீட்டும் கோப்பில் இருக்கட்டும். வரவு செலவைக் குடியிருப்பு மக்கள் முன்னிலையில் நம் பிள்ளையொருத்தி எழுந்து படிக்கட்டும். நம் அனுபவத்தில், மேடைப் பேச்சினும் அதுவே பிள்ளைகளை நிமிர்த்தியது. கைபேசியில் படம் எடுப்பதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். வாங்குகிறவர் குனிந்தும் கொடுக்கிறவர் சிரித்தும் நிற்கும் படங்களை நாம் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

அவ்விரண்டு முகாம்களின் குறிப்பேடுகளும் நம்மிடம் உள்ளன. முதல் ஆண்டுக் குறிப்பேட்டில் அந்த 9 பெயர்களும் நம் கையெழுத்திலேயே இருக்கின்றன, கிழித்தெறியவில்லை. திட்டமிடுமுன் பார்க்க விரும்பும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிற்கு வரலாம்.