சிங்கியைத் தேடும் புதிர் வேட்டை

திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியைத் தேடி அலைகிறான் சிங்கன். கண்டதும் கேள்விமேல் கேள்வி. காலில் விரியனா என்கிறான். குறி சொன்னதற்குச் சேலத்தில் கிடைத்த சிலம்பு என்கிறாள்.

யூபிலிக்கு நாம் நடத்தும் வேட்டையும் இதுவே. ஒவ்வொரு புதிருக்கும் விடை ஒரு நகை. விடைகளில் குறித்த எழுத்துகளைக் கோத்தால் சிங்கி ஒளிந்திருக்கும் இடம் தெரியும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் 1981 முதல் இத்தகைய வேட்டை நடத்துகின்றனர். வென்ற அணியே அடுத்த ஆண்டுப் புதிர்களை அமைக்கவேண்டும். நமக்கும் அதுவே விதி.

கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே தனி அணி என்கிறார்கள். நாம் ஒப்பவில்லை. தண்டை எது, பாடகம் எது என்று அவர்களுக்குத் தெரியுமா? விழாவில் ஓரமாய் உட்கார்ந்து எழுந்துபோகும் ஆச்சிமாருக்குத் தெரியும். அணிக்கு ஓர் ஆச்சி கட்டாயம். இன்றே கேட்டு வையுங்கள்.