தபால்காரர் கொண்டுவராத கதை

தலைப்பு: இன்றைய எழுத்தாளருக்கு முகவரி தருவது அச்சா, இணையமா?
(‘இணையமே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர், “இணையத்துல எழுதுறது தண்ணியில எழுதுற எழுத்து”ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. ஐயா, ஒகேனக்கல் இருக்கிற மாவட்டத்துக்கு வந்து தண்ணியைக் குறை சொல்லலாமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இது தகடூர். அதியமான் ஆண்ட மண். அவனைப் பாடிய ஔவையின் பாட்டு முதலில் ஓலையில் இருந்தது. 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் ஏற்றினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதை இணையத்தில் ஏற்றியது. இன்னைக்குக் கனடாவுல இருக்கிற பேரன் காசு கொடுக்காம படிக்கிறான். நாங்கள் அச்சுக்கு எதிரி இல்லை. ஒரு புது எழுத்தாளருக்கு முதலில் திறக்கிற கதவு எது? அதுதான் எங்கள் கேள்வி.

நான் அரூர்ப் பக்கத்துக் கணக்கு டீச்சர். 1996-லேருந்து கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவேன், தபால்தலை ஒட்டின கவரோடு. அந்தக் கவர் மட்டும் தவறாம திரும்பி வரும்! தபால்காரர் தெருமுனையிலேயே சத்தம் போடுவாரு: “டீச்சர், உங்க கதை திரும்பி வந்துருச்சுங்க!” (பலத்த சிரிப்பு) ஏன் வேண்டாம்னு ஒரு வரி எழுதியிருக்க மாட்டாங்க. பத்து வருஷத்துல நான் பேனாவை மூடிட்டேன்.

எங்க ஊருல இருந்தா எழுத்து வளராதா? எழுத்தாளர் ஜெயமோகன் 1990-களில் இதே தர்மபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். 2014 ஜனவரி 1-ஆம் தேதி, மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்று தன் இணையதளத்தில் தொடங்கினார். ஒரு நாவல் ஆரம்பித்தால் முடிகிறவரை தினம் ஓர் அத்தியாயம். 2020 ஜூலையில் முடித்தபோது 26 நாவல்கள்! எல்லாம் இலவசம். இணையத்துல வந்தது புத்தகமாகவும் வந்தது. அவர் அதுக்கு முன்னாடியே பேர் வாங்கினவர்தானேன்னு எதிரணி கேட்கும். சரிதான். ஆனா அத்தனை பக்கத்தை, தினம் தினம், எந்தப் பத்திரிகை போட்டிருக்கும்? (கைதட்டல்)

அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஒண்ணு புரிஞ்சுது. இணையத்துல கடை விரிக்கிறது பெருசில்லை. சொன்ன நாள்ல கடையைத் திறக்கணும். செல்போன்லயே தட்டித் தட்டி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கதை. பிழை சொன்னா அன்னைக்கே திருத்துவேன். எழுதினவங்க எல்லாருக்கும் பதில் போடுவேன். எங்க வீட்டுக்காரர், “எத்தனை லைக்கு?”ன்னு கேப்பாரு. “காய்கறிக் கடைக்காரன் லைக்கை வாங்கிக்கிட்டுத் தக்காளி தருவானா?”ம்பாரு. (சிரிப்பு) முதல் ஆறு மாசம் படிச்சவங்க ஏழு பேர். அதுல ரெண்டு பேர் என் தம்பிங்க!

“யார் வேணும்னாலும் எழுதலாம், அங்கே தரம் எங்கே?” என்றார்கள். குப்பை இருக்கு, ஒத்துக்கிறேன். அச்சுல இல்லையா? அங்கே ஒருத்தர் வாசல்ல நின்னு தடுக்கிறாரு. இங்கே உள்ளே விட்டுட்டு, வாசகன் தீர்ப்புச் சொல்றான்.

நிறைவாக ஒன்று. எங்க பக்கத்துல பிள்ளைகளைப் பாட்டிகிட்ட விட்டுட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போற தாய்மார் நிறைய. அப்படி ஒரு தாயைப் பத்தி எழுதினேன். பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த அதே கதைதான். பெங்களூர்ல இருந்து ஒரு பையன் எழுதினான்: “டீச்சர், எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. செல்போன்ல பார்த்து நான்தான் படிச்சுக் காட்டினேன். கேட்டு முடிச்சுட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ‘அந்தப் புள்ளைங்க அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுச்சாடா?’”

நடுவர் அவர்களே, திரும்பத் திரும்ப என் வாசலுக்கே வந்த கதை, போய்ச் சேர வேண்டிய வாசலுக்குப் போயிடுச்சு. தபால்தலை ஒட்டாம! (நீண்ட கைதட்டல்)

ஆகவே, எழுத்தாளருக்கு முகவரி தருவது இணையமே என்று தீர்ப்பளிக்குமாறு வேண்டி, விடைபெறுகிறேன்.