ஜாம்கேட் காட்டும் வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தமிழின் தொன்மையைப் பற்றியும் தமிழரின் பெருமையைப் பற்றியும் எனக்கு முன் பேசிய அறிஞர்கள் செவ்வனே எடுத்துரைத்தார்கள். நான், நமக்கு வாழ்வளித்துவரும் இந்த மராட்டிய மண்ணில் நிகழ்ந்த ஓர் அருந்தொண்டினைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அத்தொண்டின் வேர் நம் தமிழகத்து வேலூரில் இருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1950-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருவர் பயின்றனர். ஒருவர் மராட்டியரான ரஜனிகாந்த் அரோளே. மற்றவர் மேபல் அம்மையார். 1960-இல் அவர்கள் இல்லறத்தில் இணைந்தபோது, தம் வாழ்நாளை நாட்டுப்புற ஏழைகளுக்கே அளிப்பது என்று இறைவன்முன் உறுதி பூண்டார்கள். தொண்டே வழிபாடு என்று கருதிய உள்ளங்கள் அவை.

முதலில் அகமத்நகர் மாவட்டத்தில் வடாளா என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியாற்றினார்கள். அங்கே அவர்கள் கண்டது என்ன? குணமாகிச் சென்ற குழந்தை, சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தது. மருந்து நோயைத் தீர்த்தது. நோயை விளைத்த அழுக்கு நீரும் அரைவயிற்றுப் பட்டினியும் அப்படியே இருந்தன. நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்யச் சொன்னவர் நம் வள்ளுவர். அந்தக் காரணம் நோயாளியின் உடலில் மட்டுமன்று, அவர் வாழும் ஊரிலும் இருக்கிறது என்பதை இவ்விருவரும் உணர்ந்தார்கள்.

அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தபின், 1970-இல், அதே மாவட்டத்தில் வறட்சி மிகுந்த ஜாம்கேட் வட்டாரத்திற்கு வந்தார்கள். இன்று அம்மாவட்டம் அகில்யாநகர் எனப்படுகிறது. உங்களுக்கு வேண்டுவது என்ன என்று ஊராரைக் கேட்டார்கள். மக்கள் மருத்துவமனையைக் கேட்கவில்லை. சோறும் நீரும் கேட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் கொடிய வறட்சியில் குழந்தைகளுக்கு உணவும், ஊர்களுக்குக் குழாய்க் கிணறுகளும் கிடைக்கச் செய்வதே அவர்களின் முதற்பணியாயிற்று. அக்கிணறுகளை ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதியில் அமைப்பதில் அவர்கள் கருத்தாக இருந்தார்கள். மேல்சாதியினர் என்போர் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே செல்ல வேண்டியதாயிற்று. நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாததை ஒரு கிணறு செய்தது!

அவர்கள் தொண்டின் உயிர்நிலை இனித்தான் வருகிறது. படித்த செவிலியர் சிற்றூர்களில் நிலைத்துத் தங்கவில்லை. ஆகவே, ஊராரே தேர்ந்தெடுத்த பெண்களை நலப்பணியாளர்களாகப் பயிற்றினார்கள். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். பலர் தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர். கணவனால் கைவிடப்பட்டவரும் உண்டு. தொடக்கத்தில் ஒருவரோடொருவர் அமர்ந்து உண்ணவும் தயங்கிய அப்பெண்கள், வாரந்தோறும் ஜாம்கேட்டில் கூடிக் கற்றார்கள். பேறுகாலத்தில் தூய்மை பேணுவது, குழந்தையின் எடையைக் கவனிப்பது, வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுப்பது, காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே அடையாளங் காண்பது ஆகியவற்றைக் கற்று, ஊர் திரும்பி அண்டை வீட்டாருக்குக் கற்பித்தார்கள். உழவர் மன்றங்களும் மகளிர் மன்றங்களும் அவர்களுக்குத் துணை நின்றன.

பயன் என்ன? 1971-இல் அவ்வூர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களின் பிற்பகுதியில் அத்தொகை முப்பதுக்கும் கீழே இறங்கியது. 1979-இல் மகசேசே விருது அவ்விருவரையும் நாடி வந்தது. மேபல் அம்மையார் 1999-இலும், அரோளே 2011-இலும் மறைந்தார்கள்.

அன்பர்களே! அறிவை வழங்குவதிலேதான் அவர்களின் பெருமை அடங்கியிருக்கிறது. மருத்துவ அறிவைத் தம் உடைமையாகப் பூட்டிவைக்காமல், ஊரில் எல்லாரிலும் எளியவளாகக் கருதப்பட்டவளிடம் நம்பி ஒப்படைத்தார்கள். ஊர் நலம் பெற்றது; அவளும் தலைநிமிர்ந்தாள்.

இனி நம்மை நோக்குவோம். நம் குடியிருப்பின் மதிலுக்கு அப்பால், நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்களும், நம் தெருக்களைப் பெருக்கும் தொழிலாளரும் நெருக்கமான குடிசைகளில் வாழ்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் பரவினால், கொசு மதிலைப் பார்த்துத் திரும்பிவிடுவதில்லை. ஒருநாள் மருத்துவ முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது எளிது. மறுநாள் அங்கே நோய் வந்தால் யார் இருக்கிறார்கள்?

நம்மிடையே மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் இருக்கிறார்கள். நம் சங்க மண்டபமோ வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கிறது. அப்பகுதி மக்களே தேர்ந்தெடுக்கும் நான்கு பெண்களை வாரம் ஒரு மாலை இங்கு அழைத்து, ஒரே பாயில் உடன் அமர்ந்து, நாம் அறிந்ததைக் கற்பிக்கலாகாதா? மராட்டியில் தடுமாறுவோருக்கு நம் பிள்ளைகள் துணை செய்வார்கள். அவர்களுக்கு நம்மைவிட அம்மொழி நன்றாகவே வரும். நம் தேவை என்ன என்று அவர்களைக் கேட்டால், அவர்கள் முதலில் கேட்பது மருந்தாக இராது. ஒரு குடிநீர்க் குழாயாகவோ கழிவுநீர்க் கால்வாயாகவோ இருக்கலாம். அதையும் செவிசாய்த்துக் கேட்க நாம் அணியமாக இருக்க வேண்டும்.

கோயிலுக்குச் செல்வோரும், தேவாலயத்திற்குச் செல்வோரும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும் இச்சங்கத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கிறோம். எந்நெறியில் நின்று வணங்கினும், அண்டை வீட்டுக் குழந்தையின் உயிர் காப்பது அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே ஆகும். அடுத்த ஆண்டு விழாவில் அப்பெண்களுள் ஒருவர் இம்மேடையேறிப் பேசட்டும். நாம் கீழே அமர்ந்து கேட்போம் என்று கூறி அமைகிறேன்.